கடற்காற்றில், திறந்தவெளியில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்தக் கவர் வாங்கலாம்?

திருவான்மியூர்_ஓட்டி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் ஒரு பிஎம்டபிள்யூ இசட்4 காரைப் பழைய வண்டியாக வாங்கினேன். 2019ஆம் ஆண்டு மாடல், கறுப்பு நிறம், மடங்கும் துணிக்கூரை. பல ஆண்டுச் சேமிப்பு இதில் கரைந்ததால் வீட்டில் இன்னும் முழுச் சமாதானம் ஏற்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அடுக்ககம் திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடும் தொலைவில் இருக்கிறது. கட்டடத்தின் அடியில் தூண்களுக்கு இடையே கார் நிறுத்த ஒரு வீட்டுக்கு ஓர் இடம்தான். அங்கே வீட்டில் எல்லோரும் அன்றாடம் எடுக்கும் கார் நிற்கிறது. இசட்4க்குக் குடியிருப்போர் சங்கம் ஒதுக்கியது மதிலோரம் ஒரு திறந்தவெளி. காலை வெயில் நேராக விழும். பிற்பகலில் கடற்காற்று அடிக்கும். மேலே ஒரு வேப்பங்கிளை நீண்டிருக்கிறது. அதில் காக்கைகள் குடியிருக்கின்றன. இரண்டு பூனைகளும் உண்டு. ஞாயிறு விடியற்காலையில் ஈசிஆர் என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை ஓட்டிவிட்டு வருவேன். மற்ற ஆறு நாளும் வண்டி அங்கேயேதான் நிற்கும்.

ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் கேட்டபோது, வெள்ளி நிறத்தில் பளபளக்கும் பாலியஸ்டர் கவர் ஒன்றைக் காட்டினார்கள். ‘190டி, நூறு சதவீதம் வாட்டர்ப்ரூஃப்’ என்று அச்சிட்டிருந்தது. விலை 1,800 ரூபாய். அதைவிடச் சற்றுக் கூடுதல் விலையில், பஞ்சுபோல் மென்மையாக இருந்த மூன்றடுக்கு நான்வோவன் கவர் ஒன்றும் இருந்தது. இணையத்தில் பார்த்தால் உடம்போடு ஒட்டிய சட்டைபோல் காரின் வளைவுகளெல்லாம் தெரியும்படி இழுத்துப் போடுகிற கவர்கள் வருகின்றன. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் வெயிலுக்கும் மழைக்கும் ஆகுமா என்று தெரியவில்லை.

எதையும் வாங்குமுன், அண்ணனுடைய செடான் காரின் வெள்ளிக் கவரை வாங்கி பத்து நாள் போட்டுப் பார்த்தேன். இடையில் இரண்டு நாள் மழை பெய்தது. கழற்றியபோது டிக்கி மூடியின் மேல் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. துணிக்கூரையில் பூசண வாடை அடித்தது. எல்லாவற்றையும்விட, முன் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவில், வெயிலில் பார்த்தால் மட்டும் தெரிகிற மெல்லிய கோடுகள் விழுந்திருந்தன. காக்கை எச்சத்திலிருந்து காப்பாற்றப் போய் வேறு கேடு வந்து சேர்ந்துவிட்டது.

மழை உட்புகாத கவர் வாங்குவதா, காற்றுப் போகும் கவர் வாங்குவதா? இவ்வளவு தாழ்வான வண்டிக்கு அளவு பார்ப்பது எப்படி? துணிக்கூரைக்கென்று தனியாக ஏதேனும் கவனிக்க வேண்டுமா? பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொன்னால் நன்றியுடையேன்.

மெருகுப்பட்டறை

கார்களுக்குப் பாலிஷ் போட்டு மெருகேற்றுவது என் தொழில். கவரைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களால்தான் எங்கள் பட்டறைக்குப் பாதி வேலை வருகிறது. ஆகவே என் வயிற்றில் நானே அடித்துக்கொள்வதாக எண்ணிப் படியுங்கள்.

உங்கள் வண்டியில் விழுந்த கோடுகளுக்குக் காரணம் துணியின் தரம் அல்ல. அளவு பொருந்தாத துணியும், அதற்கும் பெயின்ட்டுக்கும் இடையே இருந்த தூசியும், பிற்பகல் காற்றும் சேர்ந்து செய்த வேலை அது. காரின் நிறத்துக்கு மேல் பூசப்பட்டிருக்கும் கிளியர் கோட் என்னும் கண்ணாடிபோன்ற படலத்தின் தடிமன் பெரும்பாலான கார்களில் 40 முதல் 50 மைக்ரான்தான் இருக்கும். நம் தலைமயிரின் தடிமன்கூட அதைவிடக் கூடுதல். நம் ஊர்த் தூசியில் பெரும்பகுதி நுண்மணல், அதாவது குவார்ட்ஸ். அது கிளியர் கோட்டைவிடப் பன்மடங்கு கடினமானது. தொளதொளவென்று தொங்கும் துணியைக் காற்று நாளெல்லாம் அசைத்துக்கொண்டிருந்தால், உள்ளே சிக்கிய மணலைக் கொண்டு யாரோ ஓயாமல் தேய்ப்பதற்கு ஒப்பாகும். கறுப்பு வண்டி என்பதால் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. வெள்ளை வண்டியாக இருந்தால் இரண்டு ஆண்டு கழித்துத்தான் தெரிந்திருக்கும்.

எனவே முதலில் அளவைக் கவனியுங்கள். இசட்4இன் நீளம் 4,324 மி.மீ., கண்ணாடிகளைத் தவிர்த்த அகலம் 1,864 மி.மீ., உயரம் 1,304 மி.மீ. கடைகளில் எம், எல், எக்ஸ்எல் என்று கிடைப்பவை நம் சாலைகளில் நிறைந்திருக்கும் செடான், ஹேட்ச்பேக் கார்களுக்காகத் தைத்தவை. எடுத்துக்காட்டாக, 2020இல் வந்த ஹோண்டா சிட்டியின் உயரம் 1,489 மி.மீ. நீளம் ஏறக்குறையப் பொருந்துகிறது என்று நீங்கள் அந்தக் கவரை வாங்கினால், உயரத்தில் மட்டும் ஒரு சாணுக்கு நெருக்கமான துணி மிச்சமாகும். அதுவும் ஸ்போர்ட்ஸ் காரின் உருவமே வேறு: நீண்ட பானெட், பின்னால் தள்ளி அமைந்த சிறிய கூண்டு, குட்டையான டிக்கி. செடான் கவரின் உச்சி நடுவில் இருக்கும். உங்கள் வண்டியின் உச்சி பின்பக்கம் இருக்கிறது. ஆகவே பானெட்டின் மேல் துணி பை போலத் தொங்கி நீர் தேங்கும். அந்த மாடலுக்கென்றே வெட்டித் தைத்த கவர்தான் வேண்டும். கண்ணாடிகளுக்குத் தனிப் பைகள் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் எலாஸ்டிக், வயிற்றுக்கு அடியில் குறைந்தது இரண்டு பட்டைகள் இருக்க வேண்டும். பட்டையின் கொக்கி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். இரும்புக் கொக்கி காற்றில் ஆடி, பக்கவாட்டில் மோதிய காயங்களைச் சரிசெய்த அனுபவம் எனக்கு நிறையவே உண்டு.

அடுத்தது பழக்கம். தூசி படிந்த காரின் மேல் கவரைப் போடவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவிட்டு வந்ததும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, ஈரம் முழுக்க உலர்ந்தபின் போடுங்கள். காவலாளி அன்போடு உலர்ந்த துணியால் துடைத்துவிட வந்தால், அதைவிட அன்போடு தடுத்துவிடுங்கள். சைலன்சரும் பிரேக் டிஸ்க்கும் ஆற ஒரு மணி நேரமாவது விட வேண்டும். பின்பம்பருக்கு அருகே கவர் உருகிக் குழாயோடு ஒட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

கழற்றும்போது இழுத்துத் தரையில் போடாதீர்கள். இரு பக்கங்களையும் தூக்கிக் கூரையின் மேல் மடித்து, பிறகு முன்னிருந்து பின்னாகப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டுங்கள். அப்படிச் செய்தால் வெளிப்புறத்துத் தூசி உட்புறத்தைத் தொடாது. முன்பக்கம் எது என்று தெரிய உள்ளே ஒரு நூல் அடையாளம் தைத்துவைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் தேடுவது மிச்சமாகும். ஏதாவது ஒரு பாகத்துக்கு அண்மையில் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால், அது முழுமையாக இறுகும்வரை சில வாரங்கள் கவரே வேண்டாம்.

பாவும்_ஊடையும்

திருப்பூரில் துணிகளுக்குப் பூச்சு ஏற்றும் ஆலையொன்றில் பல ஆண்டுகள் பணியாற்றியவன். கவர்களின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் அவற்றைத் தர முத்திரை என்று எண்ணுகிறார்கள். 190டி என்பதிலுள்ள ‘டி’ ஓர் அங்குலத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளும் குறுக்கே ஓடும் ஊடை இழைகளும் சேர்ந்து எத்தனை என்பதைக் குறிக்கிறது. வேறு சில கவர்களில் 210, 300 என்று எழுதி அதற்குப் பின்னாலும் தமிழில் ‘டி’ என்றே வரும், அது டெனியர். 9,000 மீட்டர் நீளமுள்ள இழையின் எடை எத்தனை கிராம் என்பதே டெனியர். ஒன்று நெருக்கத்தின் கணக்கு, மற்றது பருமனின் கணக்கு. இரண்டையும் ஒப்பிட்டு எது பெரிய எண் என்று பார்ப்பதில் பொருளில்லை. 190டி என்பது அடிப்படையில் குடைத்துணியும் பையின் உள்தைப்புத் துணியுமாகப் பயன்படும் மெல்லிய டாஃபெட்டா.

அந்தத் துணி தானாக நீரைத் தடுப்பதில்லை. அதன் உட்புறத்தில் பாலியூரிதேன் பூச்சும், வெள்ளி நிறத்துக்காக அலுமினியப் பொடியும் ஏற்றியிருப்பார்கள். பூச்சு தொடர்ச்சியாக இருந்தால் வெளியிலிருந்து நீர் வராது; ஆனால் உள்ளிருந்து நீராவியும் எளிதில் வெளியேறாது. பகலில் தரையிலுள்ள ஈரம் சூடேறி ஆவியாகிக் கவருக்குள் ஏறும். இரவில் துணி குளிர்ந்ததும் அதே ஆவி உட்புறத்தில் நீராகக் கோக்கும். டிக்கி மேல் நீங்கள் கண்ட முத்துகளில் ஒரு பகுதியாவது மழைநீர் அல்ல, இப்படிக் கோத்த நீராகத்தான் இருக்கும். அதோடு, வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பாலியூரிதேன் மெல்ல மெல்லச் சிதைந்து பிசுபிசுக்கும். பிறகு செதிலாக உரியும். பரணில் கிடந்த பழைய குடையையோ பயணப் பையையோ திறந்தவர்களுக்கு அந்தப் பிசுபிசுப்பு தெரியும். சென்னை வெயிலில் அது விரைவாகவே நடக்கும், உரிந்த வெள்ளிப்பொடி உங்கள் கறுப்பு வண்டியின் மேல் படியும். பிவிசி கவர் என்றால் இன்னும் மோசம்; அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் கசிந்து பெயின்ட்டில் கறையாகும்.

மூன்றடுக்கு நான்வோவன் என்று காட்டியது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீனாக இருக்கும். அது நெய்த துணி அல்ல. உருக்கிய இழைகளைத் தாறுமாறாகப் பரப்பி வெப்பத்தால் அழுத்தி ஒட்டவைத்தது. வெளியே இரண்டு தடித்த அடுக்கு, நடுவே மிக நுண்ணிய இழைகளாலான ஓர் அடுக்கு. மருத்துவமனை முகக்கவசத்தின் அமைப்பும் இதுவே. ஆவி வெளியேறும், தொட மென்மையாக இருக்கும், தூறலையும் தாங்கும். ஆனால் பாலிபுரொப்பிலீனுக்குச் சூரியனின் புறஊதாக் கதிர் பெரும்பகை. அதைத் தாங்குவதற்கான சேர்மானம் போதாவிட்டால் ஒரு கோடையிலேயே நொறுங்கிப் பொடிப்பொடியாகக் கையோடு வரும். கூரைக்குக் கீழே நிற்கும் வண்டிக்கு நல்லது. உங்கள் மதிலோரத்துக்குப் போதாது.

இழுத்துப் போடும் சட்டைக்கவர்கள் எலாஸ்டேன் என்னும் இழுபடும் இழை கலந்த பின்னல் துணி. நம் ஊரில் பனியன் பின்னுகிற அதே முறைதான். வீட்டுக்குள் தூசி படியாமல் இருக்க அருமையானவை. வெளியில் மழைநீர் சல்லடைபோல் இறங்கும், வெயிலில் எலாஸ்டேன் தளர்ந்துபோகும்.

எஞ்சியிருப்பது கரைசலிலேயே நிறமேற்றிய அக்ரிலிக் துணி. கடைகளின் முன்னால் விரிக்கும் நிழற்கூரைக்கும் படகுகளுக்கும் பயன்படுவது இதுதான். சாதாரணத் துணியில் நூல் நூற்ற பிறகு சாயம் தோய்ப்பார்கள். இதில் இழையாக இழுக்கும் முன்பே கரைசலில் நிறம் கலந்துவிடுவதால், நிறம் இழையின் நடுவரை ஓடும். வெயிலில் எளிதில் வெளுக்காது. அக்ரிலிக் இழையும் புறஊதாக் கதிரை நன்றாகத் தாங்கும். நெருக்கமான நெசவும் நீர்விலக்கிப் பூச்சும் இருப்பதால் மழைநீர் உருண்டோடும், ஆனால் காற்றும் ஆவியும் போகும். குறைகள் இரண்டு. விலை பல மடங்கு. எடையும் கூடுதல்: சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிராம். உங்கள் வண்டிக்குச் சுமார் 20 சதுர மீட்டர் துணி வேண்டும் என்று கொண்டால் ஆறு கிலோ. வாரம் ஒருமுறை கழற்றி மாட்டுபவருக்கு அது பெரிய சுமையல்ல. நாள்தோறும் என்றால் கவர் மூலையிலேயே கிடக்கத் தொடங்கிவிடும்.

கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, வீட்டுச் சமையலறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். கவர்த் துணியில் கையளவு ஒரு துண்டைக் கேட்டு வாங்குங்கள். கொதிக்கும் நீர் பாதியளவு நிரம்பிய டம்ளரின் வாயில் அதை இறுக்கிக் கட்டி, ஒரு விரல் உயரத்தில் குளிர்ந்த எவர்சில்வர் தட்டைப் பிடியுங்கள். தட்டு மங்கினால் ஆவி வெளியேறுகிறது. அடுத்து, வெறும் டம்ளரின் வாயில் துணியைச் சற்றுக் குழிவாகக் கட்டி, குழியில் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் விட்டு, உள்ளே எத்தனை சொட்டு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு சோதனையிலும் சுமாராகத் தேறும் துணி, ஒன்றில் மட்டும் நூற்றுக்கு நூறு வாங்கும் துணியைவிட உங்களுக்கு மேல்.

இன்னொன்று. வண்டி மழையில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. அதற்கு மழையிலிருந்து பாதுகாப்பு தேவையில்லை. கவர் தடுக்க வேண்டியவை வெயில், எச்சம், வேப்பம்பழம், பிசின். இதை மனத்தில் வைத்தால் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்னும் சொல் அவ்வளவாக மயக்காது.

சோழவரம்_காலத்தவர்

தம்பி, சோழவரத்தில் விமான ஓடுதளத்தின் மேல் கார்ப்பந்தயம் நடந்த காலத்திலிருந்து வண்டிகளோடு வாழ்பவன் என்ற உரிமையில் மாறுபட்ட கருத்தைச் சொல்கிறேன். கடலோரத்தில் திறந்தவெளியில் நிற்கும் காருக்கு எந்தக் கவரும் வேண்டாம்.

கடற்காற்றில் வரும் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். சென்னையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான். அந்த உப்புநீர் வெறும் காரின் மேல் இருந்தால் காலை வெயிலில் உலரும், மழை வந்தால் கழுவிப்போகும். கவருக்குள் இருந்தால் நாள் முழுவதும் ஈரமாகவே நிற்கும். எவ்வளவு காற்றுப்போக்குள்ள துணியாக இருந்தாலும், திறந்து கிடக்கும் வண்டி உலரும் வேகத்தில் மூடிய வண்டி உலராது. இது போதாதென்று, ஆறு நாள் அசையாமல் மூடிக்கிடக்கும் காரின் அடியில் எலி குடியேறினால் யாருக்கும் தெரியாது. ஒயரைக் கடித்து வைத்த பிறகுதான் தெரியும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் அன்று எங்கள் தெருவில் எத்தனையோ மரங்கள் சாய்ந்தன. பக்கத்து வீட்டு வண்டியின் கவர் ஒரு முனை பிய்ந்து, சவுக்குபோல் மணிக்கணக்கில் பானெட்டை அடித்துக்கொண்டே இருந்தது. மரம் விழாத வண்டிக்கும் பெயின்ட் போயிற்று. புயல் எச்சரிக்கை வந்தால் முதல் வேலையாகக் கவரைக் கழற்றிவிட வேண்டும் என்பதை, கவர் வாங்குபவர்களுக்கு எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. 2023 மிக்ஜாம் வெள்ளம்போல் நீர் ஏறினால் கவரால் ஒரு பயனும் இல்லை என்பது தனிக்கதை. அன்று மேடான இடத்துக்கு நகர்த்திய வண்டிதான் பிழைத்தது.

என் யோசனை இதுதான். சங்கத்திடம் இசைவு பெற்று, நான்கு இரும்புக் குழாய் நட்டு, மேலே தகடு போட்டுவிடுங்கள். அதற்கு ஒப்பவில்லை என்றால் நாற்றுப்பண்ணைகளில் கட்டும் பச்சை நிழல்வலையாவது கட்டலாம். 50, 75, 90 சதவீதம் என்று வெயிலைத் தடுக்கும் அளவுப்படி கிடைக்கிறது, 75 போதும். மழை இறங்கும், ஆனால் காக்கை எச்சமும் வேப்பம்பழமும் வலையிலேயே நின்றுவிடும், பிற்பகல் காற்றும் தடையின்றிப் போகும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அவ்வளவுதான்.

திருவான்மியூர்_ஓட்டி

மூவருக்கும் நன்றி. ஐயா, தம்பி அல்ல, தங்கை. அதனால் ஒன்றும் குறைவில்லை.

கூரை போடச் சங்கம் ஏற்கெனவே மறுத்துவிட்டது. ஒருவருக்கு விட்டால் அனைவரும் கேட்பார்கள் என்பது செயலாளரின் வாதம். நிழல்வலையைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசிப் பார்க்கிறேன். டம்ளர் சோதனையை இன்றே அண்ணனின் கவரில் ஒரு மூலையில் செய்து பார்த்தேன். தட்டு கொஞ்சமும் மங்கவில்லை; அண்ணனுக்குத்தான் முகம் மங்கியது.

துணிக்கூரையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பூசண வாடை இன்னும் முழுதாகப் போகவில்லை. காக்கை எச்சம் பெயின்ட்டில் விழுந்தால் கழுவிவிடலாம், துணியில் விழுந்தால் ஊறிவிடுகிறது. பூனை நகமும் அங்கேதான் பதிகிறது.

ஜோகூர்_எம்எக்ஸ்5

மலேசியாவில் ஜோகூர் பாருவிலிருந்து எழுதுகிறேன். என்னுடையது மாஸ்டா எம்எக்ஸ்-5. அதுவும் துணிக்கூரை, அதுவும் வெளியில்தான் நிற்கிறது. இங்கே ஆண்டு முழுவதும் மழை, ஆண்டு முழுவதும் புழுக்கம். ஆகவே உங்கள் பூசண வாடையோடு எனக்கு நெடுநாள் பழக்கம்.

துணிக்கூரை என்பது வெறும் துணியல்ல. நீரைத் தடுக்கும் அடுக்கும் அதற்குள் சேர்ந்தே இருக்கிறது. மழையைத் தாங்குவதற்கென்றே செய்த அதன் மேல் இன்னொரு மழைத்தடுப்பைப் போர்த்தும்போது, நனைந்த வெளித்துணி உலர வழியில்லாமல் போகிறது. அதில்தான் பூசணம் பிடிக்கிறது. எனவே கூரை ஈரமாக இருந்தால் எந்தக் கவரையும் போடாதீர்கள். ஈரத்தோடு கூரையை மடித்து உள்ளே வைக்கவும் செய்யாதீர்கள். இசட்4இன் கூரை பத்து நொடியில், மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டே மடங்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கை துறுதுறுக்கும். முந்தைய இரவு மழை பெய்திருந்தால், முதல் அரைமணி நேரம் மூடியபடியே ஓட்டிக் காற்றில் உலர்த்திவிட்டுத் திறப்பது என் வழக்கம்.

இப்போது இருக்கும் வாடைக்கு, துணிக்கூரைக்கென்று விற்கும் கழுவும் திரவத்தை மென்மையான தூரிகையால் இழைவாக்கில் தேய்த்து, நிறைய நல்ல தண்ணீர் விட்டு அலசி, நிழலில் ஒரு நாள் முழுவதும் உலரவிடுங்கள். அதன் பிறகு நீர்விலக்கித் தெளிப்பு ஒன்று அடித்தால், எச்சமும் ஊறாமல் மேலேயே நிற்கும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் குழாயைத் துணிக்கும் கண்ணாடியின் ஓரங்களுக்கும் அருகில் கொண்டுபோக வேண்டாம்.

நான் முழுக் கவரை விட்டு ஈராண்டு ஆகிறது. இப்போது கூண்டை மட்டும் மூடும் அரைக்கவர் வைத்திருக்கிறேன். முன்கண்ணாடியின் அடியிலிருந்து கூரையைத் தாண்டி டிக்கி விளிம்புவரை வரும். பட்டைகள் கதவுக்குள் சென்று மாட்டிக்கொள்ளும். பானெட்டும் பக்கவாட்டும் திறந்தே இருப்பதால் தரையின் ஈரம் உள்ளே சிக்குவதில்லை. இரண்டு கிலோகூட இல்லாததால் ஒரே ஆளாக ஒரு நிமிடத்தில் போட்டுவிடலாம். துணிக்கூரை வெயிலில் வெளுக்காது, உள்ளே இருக்கைத் தோலும் டேஷ்போர்டும் வெந்துபோகாது, பூனை ஏறினாலும் நகம் கவரோடு நின்றுவிடும். பெயின்ட்டுக்கு மெழுகோ செராமிக் பூச்சோ போட்டு வாரம் ஒருமுறை கழுவுகிறேன். சோழவரத்து ஐயா சொன்னதில் பாதியும் திருப்பூர்க்காரர் சொன்னதில் பாதியும் இதில் அடங்கிவிடுகின்றன.

ஒரு சிறு எச்சரிக்கை: கதவைத் தொட்டால் திறக்கும் வகைச் சாவியாக இருந்தால், அதை வண்டிக்கு அருகில் வைக்காதீர்கள். கவர் கைப்பிடியில் உரசும்போதெல்லாம் வண்டி விழித்துக்கொண்டு பேட்டரியைத் தின்னும் வாய்ப்பு உண்டு.

பாவும்_ஊடையும்

அரைக்கவர் என்ற யோசனையை நான் மறந்தே போனேன். அளவு கால்பங்குக்குச் சற்று மேல்தான் என்பதால் அக்ரிலிக் துணியின் விலையும் எடையும் அந்த அளவுக்குக் குறையும். ஆறேழு சதுர மீட்டர் போதும்.

சோழவரத்து ஐயாவின் உப்புக் கணக்கு சரியானதே. அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த உப்பு கவரிலும் படியும் என்பதால், கவரையும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். சலவைத்தூளும், துணியை மென்மையாக்கும் திரவமும் வேண்டவே வேண்டாம்; இரண்டும் நீர்விலக்கிப் பூச்சைக் கெடுக்கும். மென்மையான சோப்புநீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். தையலுக்குப் பாலியஸ்டர் நூலையே கேளுங்கள். பருத்தி நூல் கடலோரத்தில் துணிக்கு முன்பே மக்கிவிடும். கவரே இருக்கும், தையல் மட்டும் பிரிந்து நிற்கும். தைத்த ஊசித்துளைகள் வழியாக நீர் இறங்கும் என்பதால், கூரையின் நடுவில் தையல் வராதபடி அகலத் துணியாக வாங்கி வெட்டச் சொல்லுங்கள்.

மெருகுப்பட்டறை

அரைக்கவர் என்றால் என் அச்சமும் குறைகிறது, ஏனெனில் தூசியோடு உரசக்கூடிய பெயின்ட் பரப்பு குறைவு. டிக்கி விளிம்பில் மட்டும் கவரின் ஓரம் ஒரே இடத்தில் உரசும். அங்கே உட்புறமாக ஒரு விரல் அகலத்துக்கு மென்மையான ஃபிளானல் பட்டை தைக்கச் சொல்லுங்கள். பானெட்டில் காக்கை எச்சம் விழுந்தால் உடனே துடைக்க முயல வேண்டாம். ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டு எடுங்கள். எச்சத்திலுள்ள யூரிக் அமிலம் வெயிலில் விரைந்து வேலை செய்யும் என்பதால், கோடையில் மறுநாள்வரை விட்டுவைக்காதீர்கள். காவலாளிக்கு ஒரு தெளிப்பான் புட்டியும் இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் வாங்கிக் கொடுத்தால் வண்டிக்கும் நல்லது, அவருக்கும் உதவ ஒரு வழி கிடைக்கும்.

திருவான்மியூர்_ஓட்டி

முடிவு செய்துவிட்டேன். ஜி.பி. ரோட்டிலேயே சீட் கவரும் ஜீப் கூரையும் தைக்கும் ஒருவரிடம் நேற்று வண்டியைக் கொண்டுபோனேன். அடர்சாம்பல் நிற அக்ரிலிக் துணியில் துண்டு வாங்கி இரண்டு டம்ளர் சோதனையும் செய்தேன்: தட்டு நன்றாகவே மங்கியது, அரைமணி நேரத்தில் உள்ளே இரண்டு சொட்டு இறங்கியிருந்தது. மழை ஓயாத நவம்பரில் அந்த இரண்டு சொட்டு இருபதாகும் என்று தெரியும். அந்த மாதத்தில் கவரைப் போடாமலே விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

அவர் வண்டியின் மேலேயே பழைய செய்தித்தாள்களை ஒட்டி வடிவம் எடுத்தார். செய்தித்தாள் போடுமுன் வண்டியைக் கழுவி உலர்த்த வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதில் அவருக்குச் சற்றுக் கோபம்தான். டிக்கி விளிம்பில் ஃபிளானல், பாலியஸ்டர் நூல், நடுவில் தையல் இல்லை, பிளாஸ்டிக் கொக்கி எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பத்து நாளில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அதுவரை வண்டி திறந்தேதான் நிற்கும். இன்று காலை பானெட்டில் இரண்டு எச்சம். ஈரத்துணி போட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தேன், தடமில்லாமல் வந்துவிட்டது. நிழல்வலை பற்றிய சங்கக் கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. மாமல்லபுரம் போய்த் திரும்பி வந்து கலந்துகொள்வேன்.